தத்துவங்களை எண்ணக் கற்றல்: சாங்கியத்தின் 25 முதல் சித்தாந்தத்தின் 36 வரை

தமிழில் ‘எண்ணுதல்’ என்னும் ஒரே சொல் தொகை போடுவதையும் குறிக்கும், நினைந்து பார்ப்பதையும் குறிக்கும். இருப்பின் அடிப்படைகளைத் தேடிப் புறப்பட்ட இந்திய மெய்யியலார் இந்த இரண்டையும் ஒன்றாகவே செய்தார்கள். பழைய இந்திய மெய்யியல் நெறிகளுள் ஒன்றான சாங்கியம் என்ற பெயரே எண்ணைக் குறிக்கும் ‘சங்கியை’ என்ற சொல்லிலிருந்து வந்தது. உள்ளவை எத்தனை, எது எதிலிருந்து தோன்றியது, எண்ணுகிற நான் அந்தக் கணக்கில் எங்கே நிற்கிறேன் என்ற கேள்விகளுக்கு விடையாகவே தத்துவங்களைச் சாங்கியர் 25 என்றும் சைவ சித்தாந்திகள் 36 என்றும் வகுத்தார்கள். ஆனால் புதிதாகக் கற்க வருகிறவர்களுள் பலர் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு எண்ணத்தை விட்டுவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். 36 பெயர்களையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் ஒருநாள், “இப்போது ஒப்பித்தது இவற்றுள் எது?” என்று கேட்டார். வாக்கு என்றேன். “வாக்குக்குச் சொல் எடுத்துக் கொடுத்தது எது? வரிசை பிசகவில்லை என்று முடிவு செய்தது எது? சரியாகச் சொல்லிவிட்டேன் என்று நிமிர்ந்தது எது?” என்று அவர் அடுத்தடுத்துக் கேட்டபோது வாயடைத்து நின்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தத்துவத்தையும் என்னிடத்தில் கண்டுபிடித்த பிறகே அடுத்ததற்குப் போவது என்று வைத்துக்கொண்டேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொல்லைத் துலக்கிக்கொள்ளுதல்

பேச்சு வழக்கில் தத்துவம் என்றால் வாழ்க்கையைப் பற்றிய பொன்மொழி என்ற அளவுக்குச் சொல் தேய்ந்துவிட்டது. நூல் வழக்கில் அது ‘அதன் தன்மை’, அதாவது ஒரு பொருள் எதனால் அப்பொருளாக இருக்கிறதோ அந்த மெய்ம்மை. ஆகவே, தத்துவங்களின் பட்டியல் என்பது கருத்துகளின் பட்டியலன்று. அனுபவம் என்ற ஒன்று நிகழ்வதற்கு எவையெவை இருந்தே தீர வேண்டுமோ அவற்றின் கணக்கு.

ஒரு சுவடியை எடுத்துக்கொண்டு, ஒரு தத்துவத்துக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். இது என்ன வேலை செய்கிறது? இது எதைச் சார்ந்து நிற்கிறது? இதை அறிவது எது? மூன்றாம் கேள்வியைத் தொடக்கத்திலேயே விட்டுவிடாதீர்கள். பிறகு எல்லாம் அதன் மேல்தான் நிற்கப் போகிறது. ஒரு சமயத்தின் கணக்கை முடிக்காமல் இன்னொன்றைக் கலக்கவும் கூடாது. ஒரே பெயர் இரண்டு இடங்களில் இரண்டு பொருளில் வரும்; கலந்தவர்கள் பின்னால் பிரித்தெடுக்கப் படாத பாடு படுவார்கள்.

கீழிருந்து தொடங்குதல்

நூல்கள் பெரும்பாலும் மேலிருந்து, அதாவது நுண்மையிலிருந்து பருமைக்கு இறங்கும் தோற்ற முறையில் சொல்லும். கற்பவருக்கு அது கடினம். கையில் தட்டுப்படுகிற பூதங்களிலிருந்து மேலே ஏறுவதே எளிது.

நிலம், நீர், தீ, வளி, வெளி என்னும் ஐந்தையும் வேதியியலில் வரும் தனிமங்களோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். நிலம் என்றது மண்ணை மட்டும் அன்று; கடினமாய் நின்று தாங்குகிற தன்மையை. நீர் குளிர்ந்து நெகிழ்விப்பது, தீ சுட்டு ஒன்றுவிப்பது, வளி சலித்துத் திரட்டுவது, வெளி இடங்கொடுத்து நிற்பது. உங்கள் உடம்பிலேயே எலும்பின் தாங்குதலையும், இரத்தத்தின் நெகிழ்ச்சியையும், உடற்சூட்டையும், மூச்சின் அசைவையும், வாய்க்குள்ளும் செவிக்குள்ளும் உள்ள வெற்றிடத்தையும் ஒருமுறை கவனித்துவிட்டு எழுதினால் ஐந்து பக்கங்களும் ஒரே நாளில் நிரம்பும்.

இவற்றின் வரிசையை நினைவில் வைக்க ஓர் அழகான கணக்கு உண்டு. வெளிக்கு ஓசை என்ற ஒரு குணமே உண்டு. வளிக்கு ஓசையோடு ஊறு, அதாவது தொடுவுணர்ச்சி, சேர்ந்து இரண்டு. தீக்கு ஒளி கூடி மூன்று, நீருக்குச் சுவை கூடி நான்கு, நிலத்துக்கு நாற்றமும் கூடி ஐந்து. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் பாரில் ஐந்தாகவும், நீரில் நான்காகவும், தீயில் மூன்றாகவும், வளியில் இரண்டாகவும், வெளியில் ஒன்றாகவும் இறைவனை வாழ்த்துவது இந்தக் கணக்கை வைத்துத்தான். வரிசையை மனப்பாடம் செய்யாதவர்கள்கூட, குணம் ஒவ்வொன்றாகக் குறையக் குறையப் பொருள் நுண்மையாகிறது என்ற ஓர் இழையைப் பிடித்துக்கொண்டால் போதும். தத்துவ ஏணி முழுவதும் அந்தத் திசையிலேயே போகிறது.

அடுத்த படி தன்மாத்திரை: சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம். மல்லிகையின் மணமும் மண்ணின் மணமும் வேறு வேறு. அவ்வாறு வேறுபடுவதற்கு முன், மணம் என்ற அளவில் மட்டும் நிற்கிற நுண்பொருளே தன்மாத்திரை. பூதம் இதிலிருந்து தோன்றியது என்பது சாங்கியமும் சித்தாந்தமும் ஒத்துக்கொள்கிற செய்தி. திருக்குறளில் நீத்தார் பெருமை அதிகாரத்தில் இந்த ஐந்தின் வகை தெரிந்தவனிடத்தே உலகம் இருக்கிறது என்று வரும் குறளை எல்லோரும் அறிவர். அதற்குப் பரிமேலழகர் எழுதிய உரையை எடுத்துப் படியுங்கள். தன்மாத்திரை 5, பூதம் 5, அறிகருவிகளான ஞானேந்திரியம் 5, செயற்கருவிகளான கன்மேந்திரியம் 5 என 20-ஐ எண்ணிவிட்டு, ‘தெரிவான்’ என்ற ஒரு சொல்லுக்குள்ளிருந்து தெரிகின்ற உயிராகிய புருடனையும், அவன் தெரிதற்குக் கருவியான மான் (புத்தி), அகங்காரம், மனம் என்ற மூன்றையும், அவற்றுக்கு முதலான மூலப்பகுதியையும் அவர் வெளியே எடுக்கிறார். 20-உம் 5-உம் 25. சாங்கியக் கணக்கு முழுவதும் ஒரு குறளின் உரையில் அடங்கிவிடுகிறது. தமிழில் கற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. மகத்து என்ற வடசொல்லை ‘மான்’ என்றும், மூலப்பிரகிருதியை ‘மூலப்பகுதி’ என்றும் தமிழாக்கிய பழைய வழக்கும் இங்கேயே பழகிவிடும்.

இந்திரியங்களில் ஒரு தவறு எல்லோருக்கும் நேரும். கண் என்ற உறுப்பை இந்திரியம் என்று எழுதிவிடுவார்கள். உறுப்பு வெறும் வாசல். அதன் வழியாக ஒளியைப் பற்றுகிற ஆற்றலே இந்திரியம். கன்மேந்திரியங்களான வாக்கு, பாதம், பாணி (கை), பாயு (கழிவாய்), உபத்தம் (குறி) என்பனவும் அப்படியே. இந்தப் பத்தையும் விரைவாகக் கடந்துவிடலாம். நின்று பார்க்க வேண்டிய இடம் அடுத்தது.

உட்கருவிகளைத் தம்மிடத்தே பிடித்தல்

மனம், அகங்காரம், புத்தி ஆகிய மூன்றையும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பிடித்தால்தான் வேறுபாடு விளங்கும். ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவு. விளக்கணைத்த அறையில் அரைத் தூக்கத்தில் படுத்திருக்கிறீர்கள். ஏதோ கருகுகிற நாற்றம் வருகிறது.

மூக்கு நாற்றத்தைப் பற்றியது. அதன் வேலை அவ்வளவே, அது ‘கருகல்’ என்று சொல்லவில்லை. “என்ன இது, நாற்றமா, வெறும் நினைப்பா? துணியா, மின்கம்பியா?” என்று அங்குமிங்கும் அலைந்தது மனம். பற்றுவதும் ஐயுறுவதும் மனத்தின் இயல்பு. நாற்றம் தெருவிலிருந்து வந்திருந்தால் திரும்பிப் படுத்திருப்பீர்கள். “என் வீட்டில்” என்று தோன்றிய நொடியில் உடம்பு விறைத்ததே, அந்த ‘என்’ அகங்காரம். அகங்காரம் என்றால் செருக்கு என்று மட்டும் பொருள் கொண்டிருந்தவர்கள் இந்த இடத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். செருக்கு அதன் முற்றிய வடிவம். எந்த அனுபவத்தையும் எனக்குரியதாக எடுத்துக்கொள்வதே அதன் அடிப்படைத் தொழில். பிறகு, “மின்கம்பிதான், இணைப்பை நிறுத்த வேண்டும்” என்று ஒரு துணிவு பிறந்தது; அந்த நிச்சயம் புத்தி. அதன் பின்னர்தான் பாதம் நடந்தது, கை நீண்டது.

இவ்வளவும் ஓரிரு நொடிகளில் நடந்து முடிகின்றன. வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சியையேனும் இப்படிப் பிரித்து எழுதிப் பாருங்கள். கோபம் வந்த ஒரு பொழுதை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்: காதில் விழுந்தது வெறும் ஓசை, “என்னையா சொன்னான்?” என்றது ஒன்று, “என்னைத்தான்” என்று முடிவு கட்டியது இன்னொன்று. சித்தாந்த நூல்கள் இவற்றோடு சித்தத்தையும் சேர்த்து நான்காக எண்ணும். நினைவுக்குக் கொண்டுவந்து சிந்திப்பது அதன் தொழில்.

இங்கே ஒரு நுட்பமான கணக்கு வேறுபாடு உண்டு. சாங்கியர் பூதம் முதல் இந்திரியம் வரை 20, உட்கருவி 3, மூலப்பகுதி 1 என்று 24 எண்ணுவர். சித்தாந்திகள் அதே 20-உடன் அந்தக்கரணம் எனப்படும் உட்கருவி 4 சேர்த்து, ஆன்ம தத்துவம் 24 என்பர். தொகை ஒன்று, உள்ளடக்கம் வேறு. இரண்டும் 24 தானே என்று ஒரே பக்கத்தில் எழுதியவர்கள் மூலப்பகுதியையோ சித்தத்தையோ தொலைத்துவிடுவார்கள்.

காணாததை ஊகித்தல்

புத்தி வரையில் உள்ளவற்றை நம்மிடத்தே காணலாம். மூலப்பகுதியைக் காண முடியாது; காரியத்தைக் கொண்டு காரணத்தை ஊகிக்க வேண்டும். எள்ளில் எண்ணெய் இருப்பதால்தான் ஆட்டினால் வருகிறது, மணலை ஆட்டினால் வருவதில்லை. காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்தில் மறைவாக உள்ளது என்னும் இந்தக் கொள்கைக்குச் சற்காரியவாதம் என்று பெயர். அப்படியானால், அறிவில் தெளிவும் செயலில் விரைவும் உறக்கத்தில் மயக்கமும் உலகில் காணப்படுவதால், இவற்றுக்கு முதலான ஒன்றில் சத்துவம், இராசதம், தாமதம் என்னும் முக்குணங்களும் சமநிலையில் இருந்திருக்க வேண்டும். அந்தச் சமநிலையே மூலப்பகுதி.

ஈசுவர கிருட்டிணர் ஏறத்தாழ 70 செய்யுள்களில் இயற்றிய சாங்கிய காரிகை, கி.பி. 6ஆம் நூற்றாண்டிலேயே சீன மொழிக்குச் சென்ற நூல். அதன் மூன்றாம் செய்யுள் 25-ஐயும் நான்கு அடுக்காகப் பிரிக்கிறது: தான் எதிலிருந்தும் தோன்றாமல் பிறவற்றைத் தோற்றுவிப்பது மூலப்பகுதி 1, தோன்றியும் தோற்றுவித்தும் நிற்பவை மான், அகங்காரம், தன்மாத்திரைகள் என 7, தோன்றியவையாக மட்டும் நிற்பவை மனம், இந்திரியங்கள், பூதங்கள் என 16, தோன்றாமலும் தோற்றுவிக்காமலும் நிற்பவன் புருடன். இந்த 1, 7, 16, 1 என்ற பகுப்பை உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடையாக ஒவ்வொரு பக்கத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் அங்கே உறவு முறையாக மாறிவிடும்.

புருடன் வெறும் சாட்சி, செயலற்றவன், பலர் என்பது சாங்கியர் கொள்கை. செயலற்ற அறிவும் அறிவற்ற செயலும் எப்படிச் சேர்ந்தன என்ற கேள்விக்கு, நடக்க முடியாத முடவனைப் பார்வையற்றவன் தோளில் சுமந்து வழி நடக்கும் உவமையைக் காரிகை சொல்லுகிறது. அந்த உவமையில் ஒரு முடிச்சு இருக்கிறது. வழியைச் சொல்லிக்கொடுக்க முடவனுக்கு வாயாவது வேண்டும். சாங்கியப் புருடனுக்கோ அதுவும் இல்லை. இந்த இடைவெளியே சித்தாந்தம் கேள்வி எழுப்பும் இடம் என்பதால், இதைத் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சித்தாந்தத்தின் மேல்மாடிகள்

13ஆம் நூற்றாண்டில் 12 நூற்பாக்களில் சிவஞானபோதத்தை அருளிய மெய்கண்டாரின் பெயரால் வழங்குபவை 14 சாத்திரங்கள். அவற்றுள் உண்மை விளக்கம், ஆசிரியரிடம் மாணவர் வினவி விடை பெறும் அமைப்பில் இருப்பதால் தத்துவங்களைக் கற்கத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது. பூதங்களின் வடிவம், நிறம், தொழில் வரை அதில் வரிசையாகக் கிடைக்கும்.

ஆன்ம தத்துவம் 24-க்கு மேல் வித்தியா தத்துவம் 7: காலம், நியதி, கலை, வித்தை, அராகம், புருடன், மாயை. உயிர் இயல்பிலேயே ஆணவம் என்னும் அறியாமை இருளில் கிடக்கிறது. கருவிகளைக் கொடுத்துவிட்டால் மட்டும் அது எழுந்துவிடாது. கலை அந்த இருளைச் சிறிது நீக்கி உயிரின் செயலாற்றலைத் தூண்டுகிறது. வித்தை அறிவாற்றலையும், அராகம் விழைவையும் எழுப்புகின்றன. காலம் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என அளவு செய்கிறது. நியதி அவரவர் வினைப்பயனை அவரவரே நுகரும்படி நிறுத்துகிறது. இந்த ஐந்தையும் சட்டை போல அணிந்து, நுகர்வதற்கு ஆயத்தமாகி நிற்கும் நிலையில்தான் உயிருக்குப் புருடன் என்று பெயர்.

சாங்கியத்தில் புருடன் என்றது தூய அறிவுப் பொருளை. சித்தாந்தத்தில் அது ஐந்து சட்டைகளுக்குள் நிற்கிற நிலை. ஒரே சொல், முன்னதில் ஏணியின் உச்சி, பின்னதில் நடுப்படி. முன்னே, கலக்காதீர்கள் என்று எச்சரித்தது இதற்காகத்தான்.

அதற்கும் மேலே சிவ தத்துவம் 5. நாதம் என்னும் சிவத்தில் ஞானம் மட்டும், விந்து என்னும் சத்தியில் கிரியை (செயல்) மட்டும், சாதாக்கியத்தில் இரண்டும் ஒத்த அளவு, ஈசுரத்தில் கிரியை மிகுதி, சுத்தவித்தையில் ஞானம் மிகுதி. இந்த ஐந்தையும் நம் அனுபவத்தில் கண்டுபிடிக்க முயன்று நேரத்தை இழக்க வேண்டாம். இவை உலகுக்கு மூலமான மாயையின் தூய பகுதியாகிய சுத்த மாயையில் தோன்றுபவை, இறைவன் தொழில் செய்யும் நிலைகளைக் குறிப்பவை என்ற அளவில் குறித்துக்கொண்டால் போதும்.

மிக முக்கியமான ஒன்று. இந்த 36-உம் மாயையின் விரிவு, எனவே சடம், அதாவது அறிவற்றவை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) என்னும் முப்பொருள்களில் பதியும் பசுவும் இந்தக் கணக்குக்குள் இல்லை. பாசத்திலும் ஆணவமும் கன்மமும் இதற்குள் இல்லை. சிவ தத்துவம் என்று பெயர் இருப்பதால் சிவனையே ஒரு தத்துவமாக எண்ணிவிடுவது பெரும்பிழை. காஷ்மீர சைவமும் 36 என்றே எண்ணும். ஆனால் அங்கே அவை சிவனுடைய சொந்த விரிவு. எண் ஒன்றாக இருப்பதைக் கண்டு கொள்கையும் ஒன்று என்று கருதிவிடக் கூடாது என்பதற்கு இது இன்னொரு சான்று. 36-உடன் அவற்றின் விளைவுகளான தாத்துவிகம் 60 கூட்டி 96 என்பதும் உண்டு. அதை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

பிற கணக்குகளையும் பின்னர் ஒப்பிட்டுப் பாருங்கள். வைசேடிகர் திரவியம், குணம், கருமம், சாமானியம், விசேடம், சமவாயம் என்று பொருள்களை ஆறாகப் பகுத்தார்கள். இன்மை ஏழாவதாகப் பின்னர்ச் சேர்ந்தது. இராமானுசர் வழி வைணவத்தில் சித்து (உயிர்), அசித்து (அறிவற்றது), ஈசுவரன் என்று மூன்றே. உலகாயதர் காணப்படாத வெளியைத் தள்ளிப் பூதம் நான்கு என்றனர். பௌத்தர் உயிர் என்ற நிலையான பொருளை ஏற்காமல் உருவம், உணர்ச்சி முதலிய ஐந்து கந்தங்களை (தொகுதிகளை) எண்ணினர். மணிமேகலையின் 27ஆம் காதையில் சாங்கியர், வைசேடிகர் உள்ளிட்ட சமயவாதிகள் தத்தம் கணக்கைத் தாமே சொல்லுவதை ஒரே இடத்தில் கேட்கலாம்.

எண்ணியதைக் கழித்தல்

சுவடி நிரம்பிய பிறகு மூன்றாம் கேள்விக்குத் திரும்புங்கள். பூதத்தை அறிவது இந்திரியம், இந்திரியத்தை இயக்கி அறிவது மனம், மனம் அலைகிறது என்று அறிவது புத்தி. “என் புத்தி அப்போது மங்கியிருந்தது” என்று சொல்லுகிறோமே, அதை அறிந்தது எது? சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பா ‘எனது உடல்’ என்று சொல்லும் வழக்கையே உடலின் வேறாக உயிர் உண்டு என்பதற்கு ஒரு காரணமாகக் காட்டுகிறது. உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தும் நுகர்ச்சியும் வினையும் இல்லாமை கொண்டு, மூச்சும் உயிரன்று என்று மேலே செல்கிறது. இந்த முறையில் உங்கள் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, “இது என்னால் அறியப்படுகிறது, ஆகவே இது நான் அன்று” என்று அடியில் எழுதிக்கொண்டு வாருங்கள். பூதங்களின் பக்கத்தில் கை தயங்காது. அகங்காரத்தின் பக்கத்தில் நிச்சயம் தயங்கும். அங்கே சில வாரங்கள் தங்குவதில் தவறில்லை.

சித்தாந்த மரபு இந்தப் பயிற்சிக்குப் பெயர்களே வைத்திருக்கிறது. தச காரியம் என்னும் பத்துப் படிகளில் முதல் மூன்று தத்துவ ரூபம், தத்துவ தரிசனம், தத்துவ சுத்தி. ஒவ்வொன்றின் இயல்பையும் அறிவது ரூபம். அவை சடம், தான் அவற்றின் வேறு என்று காண்பது தரிசனம். அவற்றின் பிடியிலிருந்து நீங்குவது சுத்தி. முதலாவதை நூலும் சுவடியும் தரும். இரண்டாவதை மேலே சொன்ன கருகல் நாற்றம் போன்ற சிறு நிகழ்ச்சிகளில் தொடர்ந்து பழக வேண்டும். மூன்றாவதற்கு எழுத்து துணை வராது. திருவருளும் குருவருளும் வேண்டும் என்பதே மரபின் துணிபு. ஆன்ம ரூபம் என்னும் நான்காவது படிக்கு ஒரு பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டுவைத்து, சுவடியை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் செல்லுங்கள்.